மூவாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை வாந்தி?

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலேகால் மணி நேரம், கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் என்று மகள் போனில் சொன்னாள். உடனே கணக்குப் போட உட்கார்ந்தேன். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே இருக்கிற என் ஏலத்தோட்டத்துக்கு வருஷக்கணக்காக ஜீப்பில் போகிறேன்; ஒவ்வொரு தடவையும் மெட்டு வருவதற்குள் சரியாக இரண்டு வாந்தி. அப்படியானால் மூவாயிரத்துக்கு? கால்குலேட்டர் இருநூற்று முப்பது என்று காட்டியது. அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில எண்களும். அந்தப் புள்ளிக்குப் பிந்திய வாந்தி என்ன மாதிரி இருக்கும் என்பதுதான் என்னை மிகவும் கலக்கியது.

போகாமலும் முடியாது. அங்கே கோயிலில் பேரனுக்கு முதல் சோறு தாத்தா கையால்தான் என்று மகள் நாளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். தோட்டத்தில் ஏலக்காய் பறிப்பு என்று புளுகி இரண்டு தடவை தப்பித்திருந்தேன். அதற்குள் அவனுக்குப் பல் முளைத்துவிட்டது.

"இந்தத் தடவையும் வரலேன்னா அவனே எடுத்துத் தின்னுக்குவான்" என்றாள் மனைவி. பதினேழு வளைவிலும் முறுக்குக் கடித்துக்கொண்டே மலையேறுகிற பெண்.

வழக்கமான ஜீப்பு டிரைவரிடம் விசாரித்தேன்.

"தம்பி, ஆகாயத்துல எத்தன வளைவு இருக்கும்?"

"மேல ஏதுண்ணே வளைவு? ஒரே நேரா போகும்."

"நீ போயிருக்கியா?"

"நான் கம்பம் ஊரையே தாண்டுனதில்லண்ணே."

"அப்ப ரோட்டப் பாத்து ஓட்டு."

வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வரவும் ஒன்றும் இருக்காதே! முந்தின நாள் காலையிலேயே சாப்பாட்டை நிறுத்தினேன். விமான நிலையத்தில், ஜீப்பில் கேட்பதுபோலவே டிரைவர் பக்கத்து சீட்டைக் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

சீட்டுக்கு முன்னால் வாந்திக்கென்றே ஒரு காகிதப் பை செருகியிருந்தது. ஒன்றே ஒன்று. மிச்சம் இருநூற்று இருபத்தொன்பதுக்கு எங்கே போவது? மனைவியின் பையையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முதல் வளைவுக்குக் காத்திருந்தேன். சாப்பாடு வந்தது. வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினேன். என் பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

"எந்திரிங்க, ஊரு வந்திருச்சு" என்று மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"எத்தன ஆச்சு?"

"என்ன எத்தன?"

"வாந்தி."

"ஒண்ணுமில்ல. வெரசா நடங்க, கோயிலுக்கு நேரமாச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூவாயிரம் கிலோமீட்டர், ஒரு ஏப்பம்கூட இல்லை! துள்ளிக்கொண்டே வெளியே வந்தேன். இடுப்பில் பேரனோடு மகள் நின்றாள். கையை நீட்டினேன், அவள் இரண்டு மகளானாள், பேரன் மூன்றானான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாப்பிட்டு எத்தன நாளாச்சுப்பா?"

"ஒண்ணரைதான்."

பேரனுக்கென்று கொண்டுவந்த பொங்கல் டப்பாவைத் திறந்தாள். "வாயத் தொறங்க." நெய் மணத்தது. ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நம் தோட்டத்துக் காய்தான். நாலாவது வாயில் உலகம் நேரானது. பேரன் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டப்பாவில் அவனுக்கும் கொஞ்சம் விட்டு வைத்தேன்.

அரைமணி நேரத்தில் கோயிலில் அவனை மடியில் வைத்து ஊட்டினேன். சப்புக்கொட்டித் தின்றான். என் கை நடுங்கியது. பசி இன்னும் போகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.