இருபது நர்சிங் பிள்ளைகளும் ஒரு மென்டரும்

நர்சிங் காலேஜில் மென்டர் என்றால், வகுப்புக்கு வந்த பிள்ளையைவிட வராத பிள்ளையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் என்று பொருள். மரக்காணம் பக்கம் ஒரு காலேஜில் ஆறு வருஷமாக எனக்கு அந்த வேலை. என் பொறுப்பில் இருபது பேர். யார் லீவு, யாருக்கு அரியர், யார் வார்டில் அழுதார்கள், எல்லாம் என் காதுக்கு வந்தாக வேண்டும். நீங்களும் ஆசிரியராக இருந்து, சாப்பிடும்போதுகூட போனைக் கவிழ்த்து வைக்கத் தெரியாதவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

எண்பது போதுமா?

முதல் வருஷம் படிக்கும் சரண்யாவைப் புதன்கிழமை ஆனால் காணோம். அனாடமி லேபில் கேள்வி கேட்பார்களே என்ற பயத்தில், காலேஜ் ஸ்டாப்பில் இறங்காமல் அதே பஸ்ஸில் புதுச்சேரி வரை போய்த் திரும்பியிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவை வரச் சொன்னேன். கடலிலிருந்து கரையேறிய கையோடு வந்தார். லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மகளை அடித்துவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பு. அவசர அவசரமாக, "கவலைப்படாதீங்க, இன்னும் டைம் இருக்குது. அட்டெண்டன்ஸ் எண்பது பர்சென்ட் வந்தாப் போதும், பரீட்சை எழுதிடலாம்" என்றேன்.

அவர் மகளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "இன்னா மேடம் சொல்றீங்க? போட்ல பத்து பேரு போனா பத்து பேரும் திரும்பி வரணும். எட்டு பேரு வந்தாப் போதும்னா நாங்க வூட்டுக்குப் போக முடியுமா?"

முதல் ஊசி

பிரவீனா பொம்மைக்கு அழகாக ஊசி போடுவாள். மனிதர் என்றால் கை நடுங்கும். கோர்ஸை விட்டுவிடுகிறேன் என்று லெட்டரே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே ஒரு ஊசி போடு, அப்புறம் லெட்டரை வாங்கிக்கொள்கிறேன் என்று வார்டுக்குக் கூட்டிப்போனேன். உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், காலில் புண்ணோடு படுத்திருந்தார். பிரவீனாவுக்குப் பின்னாலேயே நின்று திரைத்துணியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தேன்.

அவள் ஊசியும் போட்டாள், லெட்டரையும் கிழித்தாள். ஆனால் அன்று அவளுக்குத் தைரியம் சொன்னது நான் இல்லை, அந்தப் பெரியவர்தான்: "நீ குத்தும்மா, எனக்கு இது எறும்புக் கடி. பின்னால நிக்கிற மேடத்த மொதல்ல உக்காரச் சொல்லு, அவங்கதான் விழுந்துடப் போறாங்க."

ஸ்கூட்டி சீட்டில் ஒரு கையெழுத்து

மகேஸ்வரி மூன்றாம் வருஷம், நன்றாகப் படிப்பவள். திடீரென்று நான்கு நாள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக். பரீட்சை அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட அன்று சாயங்காலம்தான் கடைசி. விட்டால் அந்தப் பரீட்சையே போச்சு. மதியம் வரை வாசலைப் பார்த்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன். கல்யாணம் பேசிவிட்டார்களோ, உடம்புக்கு ஏதாவதோ என்று வழியெல்லாம் கண்ட நினைப்பு.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா உப்பளம் இருக்கும் பக்கம் கை காட்டினார். அங்கே, கண் கூசும் வெயிலில், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்து வந்தாள் மகேஸ்வரி. அம்மா வழுக்கி விழுந்து கை முறிந்திருக்கிறது. மழைக்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும். வேலைக்கு ஆள் வராமல் நின்றுவிட்டால் அம்மா இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போன் உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போச்சாம். "லீவு கேட்டா திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் மேம்" என்றாள். பையிலிருந்து பரீட்சை அப்ளிகேஷனையும் பேனாவையும் எடுத்தேன். ஸ்கூட்டி சீட்டில் ஃபாரத்தை வைத்தேன். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஈரத்தில் மை லேசாகப் பரவியது.

கட்டுப் போட்ட கையோடு கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார் அவள் அம்மா. "இடையஞ்சாவடியிலேர்ந்து என் தங்கச்சி வர்றா. நாளைக்கு இவள அனுப்பிடறேன்" என்றார். நான் வண்டியைக் கிளப்பும்போது, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: "நாலு நாள் வரலன்னதும் தேடிக்கினு வந்துட்டீங்க. சின்னப் புள்ளையிலேர்ந்து இங்கதான் நிக்கிறேன், என்னை ஒருத்தரும் தேடி வந்ததில்ல மேடம்."

ரிசல்ட்

மகேஸ்வரி எல்லாப் பேப்பரிலும் பாஸ். புது போனிலிருந்து முதல் கால் எனக்குத்தான். சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அடுத்த போஸ்டிங், கேஸ் ஸ்டடி, லாக் புக் என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மேம், ஒரு அஞ்சு நிமிஷம் சந்தோஷமா இருந்துட்டு வர்றேன்."

ஆக, இருபது பேரின் பயத்தையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் அவர்களிடமே வந்து "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்வதற்குத்தான் எங்களுக்கு மென்டர் என்று பெயர்.