மொசு

காலையில் வந்ததும் நீலப் பேசின்களில் மிதக்கும் வண்டுகளை வடிகட்டியால் அள்ளுகிறார் தண்ணீர்க்காரர். பூப்பண்ணையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். உடம்பெல்லாம் ரோமம் முளைத்த இந்த வண்டுகள் பூக்களைக் கடித்துக் குதறிவிடும். நீலத்தைக் கண்டால் பூவென்று நம்பி வந்து விழும். அதற்காகவே வரிசைக்கு வரிசை நீலப் பேசினில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் அவர் வேலைதான்.

ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்வார். சாப்பாட்டு இடைவேளையில் அதுதான் துணை. பண்ணையில் ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு பாஷை; தமிழில் பேச ஈ காக்காய் கூடக் கிடையாது. வந்த இடத்தில் பொறுக்கிக்கொண்ட அரைகுறைப் பேச்சில், "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவரைக் கேட்பார். உம்மணாமூஞ்சிகூட இதற்குப் பதில் சொல்லிவிடும். பூப்பறிக்கும் அம்மாவின் பாஷையில் இது குட்டி மான். "மானா? கொம்பை வீட்டுல வச்சிட்டு வந்துடுச்சா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தார். லாரி ஓட்டுகிறவருக்கு இது சடையன். பெட்டி கட்டுகிறவரின் ஊரில் தேனீ வண்டு.

எல்லோரும் திருப்பிக் கேட்பார்கள்: "உங்க பாஷைல?" அங்கேதான் மாட்டிக்கொள்வார். ஊரில் இதைப் பார்த்ததே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று மழுப்பியே நாளை ஓட்டினார். போனில் மனைவியைக் கேட்டால், "வண்டுன்னா வண்டுதான். சாப்பிட்டீங்களா, அதைச் சொல்லுங்க" என்றாள். மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

"மொசு, நீயாவது சொல்லும்மா..."

பிறந்தபோது தலை நிறைய முடி மொசுமொசுவென்று இருந்ததால் அவர் வைத்த செல்லப்பெயர் அது.

"அப்படிக் கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவைப்பா சொல்றது? ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அடுத்தடுத்த போன்களில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள், படித்துக்கொண்டிருந்தாள், தூங்கிவிட்டாள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பூப்பறிக்கும் அம்மா மறுபடி கேட்ட அன்று, யோசிக்காமல் "மொசு" என்று சொல்லிவிட்டார்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இப்போது பண்ணையில் யார் வண்டைப் பார்த்தாலும் "மொசு, மொசு" என்றுதான் கத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் திரும்பிப் பார்க்கிறார்.

இன்று காலை பெட்டி கட்டுகிறவர் குரல் கொடுத்தார்: "பேசின் நிறைய மொசு! கொட்டிடவா?"

"இருப்பா, இரு" என்று ஓடினார். ஒன்று மட்டும் இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதை விரல் நுனியில் ஏற்றிக்கொண்டு, குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல, தோள் துண்டின் முனையால் மெல்லத் துவட்டினார்.