ஊதாமல் குடித்த டீ

இருபத்தாறு வருஷமாகப் பேருந்தில் ஏறி டிக்கெட் கேட்டே பழகியவர் செக்கர். தூங்குகிற மாதிரி நடிப்பவனை இமைத் துடிப்பிலேயே பிடித்துவிடுவார். பெற்ற மகள் சிரித்தால்கூட, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது சறுக்கினார். குழந்தையின் புருவத்துக்கு மேல் மூன்று தையல். “படியில தண்ணி இருந்துச்சும்மா” என்றார். படி காய்ந்து கிடந்ததை மகள் பார்த்திருந்தாள். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நம்பரை எழுதி வந்து நீட்டினாள்.

“வியாழக்கிழமை ஆறு மணிக்கு, டிரைவிங் ஸ்கூல் மாடியில. குடியை விட நினைக்கிறவங்க கூடுற இடம். அங்க போற வரைக்கும் பாப்பாவை நீங்க தொடக் கூடாது, அப்பா.”

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இருந்தது அவருக்கு. ஆனாலும் நம்பருக்குப் போன் போட்டதும் பழைய புத்தி தலைதூக்கியது.

“கட்டணம் எவ்வளவுங்க?”

“ஒண்ணும் இல்லைங்க” என்றது ஒரு பெண் குரல்.

“கையெழுத்து எதுல போடணும்?”

“எதுலயும் வேணாம். வந்து உக்காருங்க, போதும்.”

போனை வைத்தவர், “காசு கேக்காதவன் கடைசியில கிட்னியைத்தான் கேப்பான்” என்று முணுமுணுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பிளாஸ்க்கும் கையுமாகப் படியேறினார். சுவரெல்லாம் ‘நில்’, ‘வளைவு’, ‘மெதுவாகச் செல்’ என்று சாலைக் குறிகள். மூலையில் கற்றுக்கொடுப்பதற்காக வைத்திருந்த ஒரு ஒற்றை ஸ்டீயரிங். எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் கதவுக்கு அருகில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். போனில் பேசிய பெண் சலவைக்கடை நடத்துபவள், எல்லோருக்கும் அக்கா. அவள் நீட்டிய டீயை அவர் வாங்கவில்லை. இதில் என்ன கலந்திருக்கிறதோ!

“நானே கொண்டு வந்திருக்கேன்” என்று பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் விழுங்கினார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். செக்கரின் காது கதையில் இல்லை. கண் முகங்களைத் துழாவிக்கொண்டிருந்தது. எவன் இந்தக் கும்பலின் ஆள்? எவன் யாரோ சொல்லிக்கொடுத்து அழுகிறான்?

ஜன்னலோரத்தில் இருந்த கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். “இன்னையோட நாற்பது நாள்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் சொந்த பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு உட்கார்ந்தார். செக்கரின் கண் பளிச்சிட்டது. முகத்தை ஏன் ஜன்னல் பக்கமே வைத்திருக்கிறான்? மீசையில் ஏன் கதவு வரைக்கும் வீசுகிற தைல வாடை? எல்லாவற்றுக்கும் மேலாக...

“நாற்பது நாள்னு புளுகுறான்!” செக்கர் துள்ளி எழுந்தார். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த அதே குரல். “அது டீ இல்லை! பிளாஸ்க் டீன்னா ஆவி வரணும். ஊதி ஊதித்தானே குடிக்கணும்? மடக்குன்னு உள்ள தள்ளுறான், பாருங்க!”

கண்ணாடிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். விரட்டுவார்கள் என்று செக்கர் காத்திருந்தார். யாரும் அசையவில்லை.

“தெரியும்” என்றாள் அக்கா. “போன மாசமும் நாற்பதுதான் சொன்னார். எண்ணிக்கை பொய்யா இருந்தாலும் ஏறி வந்த படி நிஜம்தானே? அவரா சொல்லுவார்னு காத்திருக்கோம்.”

கண்ணாடிக்கடைக்காரர் மெல்ல நிமிர்ந்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்: “அண்ணே, இந்த வித்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பாம்பின் கால் பாம்பறியும். அறையிலிருந்த ஏழு ஜோடிக் கண்களும் செக்கரின் மடிக்கு இறங்கின. அங்கே அவருடைய பிளாஸ்க். அவர் மட்டும் ஊதிக் குடித்தாரா என்ன? டீ இருந்திருந்தால்தானே ஊதுவதற்கு!

பயணிகளின் முகத்தில் அவர் ஆயிரம் முறை பார்த்த அந்த வெளிறல், இப்போது அவர் முகத்திலேயே. அவருடைய கால் கதவை நோக்கித் திரும்பியது. புருவத்தின் மேல் மூன்று தையல் கண்ணுக்குள் வந்து நின்றது. கால் நின்றுவிட்டது. உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். விம்மல்தான் வந்தது. அக்கா அவர் பக்கம் டீயை மறுபடி நகர்த்தி வைத்தாள். இந்த முறை வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார்.

கீழே இறங்கினால் எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் மகள், இடுப்பில் குழந்தையோடு.

“மூணு பஸ்ஸை விட்டுட்டு நிக்கிறேன். உள்ள போனீங்களா, இல்ல படியிலயே உக்காந்திருந்தீங்களா? போனதுக்கு எழுதி ஏதாவது கொடுத்தாங்களா?”

ஊரையெல்லாம் அத்தாட்சி கேட்டவரின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பிளாஸ்க்கை நீட்டினார்.

“இதுல இருக்கிறது டீ இல்லம்மா. உள்ளயும் ஒரு வாய் குடிச்சேன்.”

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். முகம் சுருங்கியது. சாக்கடையோரம் போய்க் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள். திரும்பி வந்தாள். அப்பனைப் போலவே அவளும், டிக்கெட்டைத் திருப்புகிற மாதிரி அவர் முகத்தை அப்படியும் இப்படியும் பார்த்தாள்.

“அடுத்த வியாழனும் இங்க வந்து நிப்பேன். உங்களை நம்பி இல்ல.”

“நில்லும்மா.”

தாத்தாவை நோக்கிக் கையை நீட்டிய குழந்தையை அவள் கொடுக்கவில்லை. தோளிலிருந்த குழந்தையின் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

“இதைப் பிடிங்க. கீழ போட்டுடாதீங்க.”

இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார் செக்கர்.