இரண்டு கைக்கும் நடுவே வந்த பந்து

மைக்கைக் கையில் எடுத்தாலே எனக்குப் பேச வேண்டியது மறந்துவிடும். இந்த லட்சணத்தில், விளையாட்டு இதழியல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை, வார விடுமுறையில் வகுப்பு. ஏதாவது ஒரு சேனலில் கிரிக்கெட் வர்ணனை செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கடைசித் தேர்வுக்கு, நேரில் நடக்கும் ஆட்டம் ஒன்றைப் பத்து நிமிடம் வர்ணித்துப் பதிவை அனுப்ப வேண்டும். நடுவில் வெட்டக் கூடாது. வடக்குப்பட்டில் கம்பெனிகளுக்குள் டென்னிஸ் பந்துப் போட்டி நடந்தது. ஒலிபெருக்கியில் பேச ஆளில்லை என்றார்கள், போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அணியின் கேப்டன் எங்கள் சூப்பர்வைசர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. யாரை நீட்டிப்பது என்று பட்டியல் அனுப்புகிறவரும் அவர்தான்.

ஹாஸ்டல் தோழி போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஏழாவது நிமிடம் ஒரு பந்து மேலே எழும்பியது. கீழே சூப்பர்வைசர். நேராக அவருடைய இரண்டு கைக்கும் நடுவே வந்து, நழுவி விழுந்தது.

"கைக்கு எட்டாத தூரம்! பந்துவீச்சாளர் தப்பான இடத்தில் போட்டுவிட்டார்" என்றேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பந்து போட்டவன் திரும்பி என்னைப் பார்த்தான். கம்பெனியில் எங்கள் லைனில்தான் வேலை, என்னைப்போல ஒப்பந்தக்காரன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த பந்து போய்விட்டது, எனக்குப் பேச்சே வரவில்லை.

தோழி இடித்தாள். "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? பேசு."

"ஒரு திருத்தம்" என்றேன். "போன பந்துக்கு முந்தைய பந்து நல்ல பந்து. கைக்கு வந்த கேட்சைக் கேப்டன் விட்டுவிட்டார்."

விசில் பறந்தது. அவர் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். மிச்ச நிமிடங்களில் என்ன பேசினேனோ, பதிவில் என் மூச்சுதான் அதிகம் கேட்கிறது.

ஆட்டம் முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"இன்னாம்மா, மொதல்ல எட்டலன்னு சொன்ன, அப்பால வுட்டுட்டேன்ற?"

"பயந்துட்டேன் சார்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார். லிஸ்ட்ல பேரு வராதோன்னு..."

"லிஸ்ட்ட வெள்ளிக்கெழமயே அனுப்ட்டேன். உன் பேரு கீது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

தோழி கட்டிப்பிடித்துக் குதித்தாள். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பொய்யைச் சொல்லும்படி என்னிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.