கடைசிப் பெட்டியில் ஏறினேன்

ஷார்ஜாவில் வசிக்கிறோம். துபாய் மெட்ரோவில் பெண்கள் பெட்டி ஒரு கோடியில் இருக்கும். அதே நினைப்பில், விடுமுறைக்குப் போன மியூனிக்கிலும் கணவரை முன்பக்கப் பெட்டியில் ஏறச் சொல்லிவிட்டு, கோட்டை பார்க்கப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறிவிட்டேன். வழியில் ரயிலை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "எல்லாம் பிளான் பண்ணியாச்சு, கலாஸ்" என்று பீற்றிக்கொண்ட மனிதருக்கு இது தெரியவே தெரியாதாம்!

பேர் தெரியாத ஸ்டேஷனில் இறங்கி, அழாத குறையாகப் போன் செய்தேன்.

"அங்கேயே உக்காரு. இவ்வளவு தூரம் வந்தாச்சு, கோட்டையப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். பிறகு, "ஐயையோ, புளியோதரை உன்கிட்டயா இருக்கு?" என்று பதறினார்.

சீ என்றாகிவிட்டது எனக்கு.

இப்போதெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும் ஊர்ப்பெயரை நானே படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். புளியோதரையும் எனக்கு மட்டும்தான் கட்டுகிறேன்.