காதில் இல்லாத நம்பர்: பூண்டுலோயா பாதையில் ஒரு மாட்டைத் தேடி

இந்தப் பயணத்தை நான் நீர்வீழ்ச்சி பார்க்கத்தான் திட்டமிட்டேன். பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் விழுந்தது, கூடவே சனியும் ஞாயிறும். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தோழி செல்வராணி வீட்டில் இரண்டு இரவு தங்கி, சனிக்கிழமை இறம்பொடை போய் வருவதாக ஏற்பாடு. கடைசியில் நான் பார்த்த தண்ணீர், ஆட்டோக் கண்ணாடியில் வழிந்த மழை மட்டும்தான். நீர்வீழ்ச்சிக் குறிப்புக்காக வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். இருபது நிமிடம் தாமதமாகி 11.40க்குத் தலவாக்கலையில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 800 ரூபாய். ஓட்டியவர் அந்தோணி அண்ணன், செல்வராணி இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயத்துக்காரர். செல்வராணி முன்பு கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தபோது நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தோம். இப்போது மகளோடு தோட்டத்தில் இருக்கிறாள். கணவர் முருகேஸ் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை, போன் பண்ணுவதும் இல்லை. வீடு ஓடுவது புள்ளி என்ற கறுப்பு வெள்ளைப் பசுவால். அது அப்போது ஏழு மாதச் சினை.

வெள்ளி மாலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே என் நாயைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். அதன் தோலுக்கடியில் அரிசியளவு சிப் இருக்கிறது, எங்கே தொலைந்தாலும் கருவியை வைத்துப் பார்த்தால் என் பெயர் வந்துவிடும், நாட்டில் எல்லா நாய்க்கும் மாட்டுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். செல்வராணி சிரித்துக்கொண்டே கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், அவற்றோடு பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு மஞ்சள் வில்லை. மாட்டு டாக்டர் புள்ளியின் காதில் அடித்த நம்பர்.

"காதுல கெடந்தா தேயில வாதுல மாட்டிக் கிழிஞ்சிருங்க்கா. தொலைஞ்சா மறுபடி எடுக்க அலையணும். அதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், கையில் கடதாசி இல்லை என்பதற்காகச் சுதந்திரத்துக்குப் பிறகு பிரஜாவுரிமையே இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் தோட்டத்து மக்கள். முக்கியமான எதையும் பெட்டியில் பூட்டித்தான் பழக்கம். மாட்டின் அடையாளமும் பெட்டிக்குள் போய்விட்டது, அடையாளமில்லாத மாடு கொட்டகையில் நின்றது.

சனி காலை 5.10க்குப் புல் போடப் போன செல்வராணி உடனே திரும்பி வந்தாள். கத்தவில்லை. "அக்கா, புள்ளி இல்ல" என்றாள். கயிறு அறுந்திருக்கவில்லை, அறுக்கப்பட்டிருந்தது. கொட்டகையிலிருந்து பாதை வரை சேற்றில் குளம்படி, பாதையில் லொறிச் சக்கரத் தடம். இரண்டு மாதத்தில் கன்று, அதன் பிறகு பால், அதை நம்பித்தான் மகளைத் தலவாக்கலையில் உயர்தர வகுப்பில் சேர்த்திருந்தாள்.

அந்தோணி அண்ணன் தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டார். 6.35க்கு ஒருவர் திருப்பி அழைத்தார். பூண்டுலோயா பாதையில் ஒரு சோதனைச் சாவடியில் மூன்று மாடுகளோடு சின்ன லொறி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று கறுப்பு வெள்ளை. ஏற்றிவந்த வியாபாரி கையில் மாட்டுப் பத்திரம் இருக்கிறது, சரிபார்த்ததும் விட்டுவிடுவார்கள்.

புறப்பட்டு இரண்டு கிலோமீட்டர் போனதும் அந்தோணி அண்ணன் பிரேக் போட்டார். "தங்கச்சி, நம்ம மாடுன்னு காட்ட என்னா கொண்டாந்திருக்க?"

செல்வராணி வெறுங்கையைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து, வில்லையையும் சினை ஊசி போட்ட திகதி எழுதிய அட்டையையும் எடுத்துக்கொண்டு மறுபடி புறப்பட்டபோது 6.58. அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு, எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். மழையும் பிடித்துக்கொண்டது. மீட்டரில் பதினாறு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். எதிரே வந்த ஒவ்வொரு லொறிக்குள்ளும் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

லொறி நின்றிருந்தது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி நடுவில், இரு பக்கமும் மற்ற மாடுகள் நெருக்க, தலையைத் தூக்க இடமில்லாமல் நின்றது. செல்வராணி ஓடிப்போய் லொறிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

வியாபாரி ஐம்பது வயதுக்காரர். சத்தம் போடாமல் பேசினார், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "விடியக்காலம் ரெண்டு பேரு பத்திரத்தோட வித்தாங்க அக்கா. சினையே புடிக்காத மலட்டு மாடுன்னுதான் குடுத்தாங்க. காச எண்ணிக் குடுத்துட்டேன். நான் திருடன் இல்ல."

சாவடியில் இருந்த சார்ஜன்ட் சிங்களத்தில் விசாரித்தார். பொறுமையான மனிதர். பத்திரத்தில் கறுப்பு வெள்ளைப் பசு என்று எழுதி ஒரு நம்பரும் இருந்தது. மாட்டின் காதில் வெறும் ஓட்டை. செல்வராணி வில்லையை நீட்டினாள், அதில் வேறு நம்பர். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் செல்வராணியையும் சேர்த்துக் கெடுத்தேன். என் சிங்களத்தைக் காட்டிக்கொள்ளும் அவசரத்தில், இவர்களே கழற்றி வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

சார்ஜன்ட்டின் முகம் மாறியது. வில்லையைக் கழற்றுவதே தவறு, கையில் வில்லை இருந்தால் உங்களிடம் வில்லை இருக்கிறது என்றுதான் அர்த்தம், மாடு இருந்தது என்று எப்படி நம்புவது என்றார். வியாபாரி லொறிக் கதவில் கை வைத்தார். செல்வராணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

காப்பாற்றியது அந்தோணி அண்ணன்தான். "சார், அவரு மலட்டு மாடுங்கிறாரு. இந்தத் தங்கச்சி ஏழு மாசச் சினைங்குது. டாக்டரக் கூப்புடுங்க, வயிறு பொய் சொல்லாதுல்ல" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார்.

மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் வர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க செல்வராணி மழையில் லொறிக்கு முன்னாலேயே நின்றாள். குடையைப் பிடித்தேன், விலகிக்கொண்டாள். டாக்டர் வந்து, புள்ளியை இறக்கச் சொல்லி, நீளக் கையுறை மாட்டி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பிறகு அட்டையை வாங்கித் திகதியைப் படித்தார். ஏழு மாதம் சரி, கன்று அசைகிறது என்றார். வியாபாரி லொறிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் போன் போட்டு வில்லை நம்பரைப் பதிவேட்டில் பார்க்கச் சொன்னார். பதில் வந்தது: உரிமையாளர் முருகேஸ். மாடு வாங்கிய காலத்தில் அவர்தான் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி. பேர் உள்ளவர்களுக்குத்தான் கொட்டகை போட இடம் கொடுப்பார்கள், எனவே மாடும் அவர் பெயரில். பதிவில் உள்ளவர் சொல்லாமல் யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்றார் சார்ஜன்ட். வியாபாரி எழுந்தார். "அப்ப அவருகிட்டயே பேசி முறையா வாங்கிக்கிறேன். வளக்கிறதுக்குத்தான்" என்றார்.

செல்வராணி முருகேஸின் போன் நம்பரைச் சொன்னாள். மனப்பாடமாகச் சொன்னாள். என் போனிலிருந்து அழைத்து, சார்ஜன்ட் கேட்பதற்காக ஒலிபெருக்கியில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், வாங்க ஒருவர் தயாராக நிற்கிறார் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னா விலை சொல்றாங்க?" என்றார் முருகேஸ்.

அதை மட்டும் நான் சார்ஜன்ட்டுக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் வியாபாரிக்குத் தமிழ் தெரியுமே. அவர் விலை சொல்ல வாயெடுக்கும்போது செல்வராணி போனருகே குனிந்தாள். "ஏழு மாசச் சினைங்க" என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, திட்டவில்லை.

போனில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. துண்டித்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், இல்லை.

"சார்கிட்ட சொல்லுங்க" என்றார் பிறகு. "பேருதான் என்னுது. மாடு அவளோடது."

இதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் எழுதிக்கொண்டு செல்வராணியிடம் கையெழுத்து வாங்கினார். கயிறு அவள் கைக்கு வந்தபோது மணி 11.05. சினை மாட்டை லொறியில் குலுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், பதினாறு கிலோமீட்டரும் நடை. அந்தோணி அண்ணன் ஆட்டோவை முன்னால் மெதுவாக ஓட்ட, நாங்கள் இருவரும் மாட்டோடு இடையிடையே நின்று நின்று நடந்து, மாலை 5.30க்கு லயத்துக்கு வந்தோம். பாதி வழியில் செல்வராணி என்னிடம், "கால் வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சிப் கட்டாயமா, வேண்டாமா? கட்டாயம் வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். தோலுக்கடியில் இருப்பதை யாரும் பெட்டியில் பூட்ட முடியாது. அந்த லொறியில் இருந்த மற்ற இரண்டு மாடுகளைத் தேடி நாங்கள் நின்ற நேரம் வரை ஒருவரும் வரவில்லை, அவற்றின் காதிலும் ஒன்றுமில்லை. ஆனால் என் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஓட்டை இருந்தது. மலைப் பாதைச் சாவடியில் சிப்பைப் படிக்கும் கருவி இருக்குமா? இருந்தாலும் அது யார் பெயரைக் காட்டும்? புள்ளிக்குச் சிப் இருந்திருந்தால், அதுவும் முருகேஸ் என்றுதான் சொல்லியிருக்கும். லயத்து நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வீடும் சோறு போடும், பத்து வீட்டையும் காக்கும். அவற்றை எந்த வீட்டின் பெயரில் எழுதுவது? எழுதாத நாயைப் பிடித்துக்கொண்டு போனால் யார் கேட்பது? சட்டம் போடுகிறவர்கள் முதலில் புல் அறுத்துப் போடுகிறவர் பெயரை எழுதட்டும், சிப் ஊசி பிறகு.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். போயா வாரத்தில் ரயிலில் இருக்கை கிடைக்காது, முன்பதிவு செய்யுங்கள். பூண்டுலோயா பாதையில் மதியத்துக்குப் பிறகு மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும், காலையிலேயே போய்விடுங்கள். அந்தோணி அண்ணன் நாள் முழுக்க ஓட்டியதற்கு 6,500 ரூபாய் கொடுத்தேன், எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்தார். தோட்டத்தில் தங்கப்போனால் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அது எனக்குத்தான் முதலில் தேவைப்பட்ட புத்தி.

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தில் இருந்தபோது செல்வராணி அழைத்தாள். மாட்டு டாக்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தாளாம். அவர்களே வந்து புள்ளியின் காதில் புது வில்லை அடித்துவிட்டார்கள். பதிவில் பெயரை மாற்ற வேண்டுமென்றால் முருகேஸ் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"சொல்லிட்டியா அவருகிட்ட?" என்று கேட்டேன்.

"சொன்னேங்க்கா. ஞாயித்துக்கிழம வந்து, ராத்தங்கி, திங்கக்கிழம கையெழுத்துப் போட்டுட்டுப் போறேங்கிறாரு." புள்ளியை ஒரு அதட்டு அதட்டிவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள். "நான் வேணாம்னு சொல்லல."