அக்காவின் கருஞ்சீரகச் சோதனை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினரும் நண்பர்களும் அவரைப் பெருமையோடு நினைக்க வேண்டும் என்பதே இந்தத் தம்பியின் விருப்பம்.

அக்கா பிறந்து வளர்ந்தது அபிராமபுரத்தில். தொண்ணூறாம் ஆண்டு வாக்கில், அவர் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கோடையில், அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தத் தீபாவளிக்கு அப்பா இல்லை. வந்த வரன்களை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அக்கா அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கருஞ்சீரகத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் கணையப் புற்றுநோய்ச் செல்களை என்ன செய்கிறது என்பதே அவருடைய ஆய்வு. "இவ்ளோ கருஞ்சீரகத்த வச்சு என்னம்மா பண்றீங்க?" என்று மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைக்காரர் கேட்பாராம்.

கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த செல்களில் பூஞ்சை பிடிக்கும். மின்சாரம் போனால் பல வார வேலை வீணாகும். ஐந்தாம் ஆண்டில் ஒருநாள், கருஞ்சீரகப் பொருள் சேர்த்த தட்டில் புற்றுநோய்ச் செல்கள் பெருகாமல் நின்றிருந்தன. துறைத் தலைவர் நம்பவில்லை.

"கரைக்கறதுக்கு ஊத்தினீங்களே, அந்தத் திரவமே கொன்னிருக்கும்மா."

அன்று அக்கா சாப்பிடவில்லை. "அவர் கேக்கறது நியாயம்தான்டா. நான் அதைத் தனியா பாத்திருக்கணும்" என்றார்.

மறுநாளே மீண்டும் தொடங்கினார். சில தட்டுகளில் வெறும் திரவம். மற்றவற்றில் கருஞ்சீரகப் பொருள் கலந்த திரவம். எதில் எது என்று தமக்கே தெரியாதபடி தோழியை எண் ஒட்டச் சொன்னார். மூன்று முறை செய்தார். மூன்று முறையும் வெறும் திரவத்தில் செல்கள் பெருகின, மற்றதில் நின்றன. துறைத் தலைவர் தாமே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "ஜெயிச்சிட்டீங்கம்மா!" என்றார். அன்று மாலை பாண்டி பஜாரில் எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.

செய்தி கேட்டு தி.நகர் வியாபாரி ஒருவர் வந்தார். "கேன்சருக்குக் கேக்கும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம், சூரணமா போட்டுடலாம்."

"தட்டுல நின்னுது. மனுஷ உடம்புல நிக்குமான்னு எனக்கே இன்னும் தெரியாது. இதை நம்பி ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டா?" என்று கேட்டு, அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டே முனைவர் பட்டம் பெற்றார். அதன் பிறகும் அதே ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து, அந்தப் பொருளை எலிகளில் சோதிக்க அனுமதி கேட்டிருந்தார்.

சென்ற மார்கழியில் மூளையில் ரத்தக்கசிவு. நான்கே நாள். முதல் நாள் பேச்சு இருந்தது. "எலி சோதனைக்கு அனுமதி வந்துதாடா?"

"வந்துடுச்சுக்கா." உண்மையாகவே அன்று காலை வந்திருந்தது. அக்கா சிரித்தார்.

அந்நாட்களில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அம்மாவைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் சோதனையை இன்று அவருடைய மேசையிலேயே நடத்திக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடத் தோழியருக்கு, அம்மாவின் ஆசிகள்.